அட்லஸில் இல்லாத ஊர்

எங்கள் ஊரில் கடல் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் என்பார்கள். ஆனால் அப்பாவும் அம்மாவும் பார்த்துப் பார்த்துப் பிறந்ததோ நட்ட நடுவில், வெங்காயத் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையில். ஆகவே, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, ஆளுக்கொரு சிறிய கடலோர ஊரைப் பற்றி ஒரு பலகை நிறைய எழுதிப் படம் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னபோது நான் திருதிருவென்று விழித்தேன்.

மற்றவர்கள் பாடு சுகம். நோர்வேஜியப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்கக் கடற்கரை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி பருத்தித்துறையைக் கைப்பற்றிக்கொண்டாள். சென்னையிலிருந்து வந்திருந்த பையன் சென்னை என்று சொல்ல, சிறிய ஊர் என்றல்லவா கேட்டேன் என்று ஆசிரியை சிரித்தார். தன் தாத்தா வீடு இருக்கும் தெரு சிறியதுதான் என்று அவன் வாதாடினான். என் முறை வந்தது. நான் எழுந்து, பிலிப்பீன்ஸ் என்றேன். வகுப்பில் யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பிலிப்பீன்ஸின் ஒரு கடற்கரை ஊரில் பிறந்த சித்தி. அந்தச் சித்தியை நான் அதுவரை கண்ணாலும் கண்டதில்லை என்பது வேறு கதை.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. அப்பா முதலில் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையொன்றில் விரல் விறைக்க விறைக்க வேலை செய்து, அந்தக் காசில் தம்பியைக் கூப்பிட்டவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் சாரதியானார். தம்பிக்கு ஊரில் பெண் பார்த்து வாக்கும் கொடுத்தார். தம்பியோ, தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரிலிருந்த பெண்ணின் தகப்பனுக்கு அதைச் சொல்லும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. அன்றைக்கு அப்பா பேசியதைவிட வாயை மூடிக்கொண்டு கேட்டதுதான் அதிகம் என்று அம்மா சொல்வார்.

அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பா நகரத்தின் மறுகோடியில், பியோர்ண்டாலில் இருந்தார். அந்தப் பக்கம் போகும் பஸ்களைத் தனக்குத் தர வேண்டாம் என்று அப்பா வேலையிடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் சித்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘பிலிப்பீன்காரி’ என்றுதான் வரும். அதையும் அப்பா சொல்லமாட்டார். அவர் எழுந்து பல்கனிப் பக்கம் போய்விடுவார். பிடிவாதம் எங்கள் குடும்பத்துக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் சரிசமமாகப் பங்கு வைத்து, மிச்சத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

அம்மா மட்டும் அவ்வப்போது சித்தப்பாவுக்கு இரகசியமாகத் தொலைபேசி எடுப்பார். அப்படித்தான் ஊரின் பெயர் கிடைத்தது. அது ஒரு புனிதரின் பெயர். பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டினேன், அந்த ஊர் இல்லை. நூலகத்துக் கணினியில் தட்டினேன், அதே புனிதரின் பெயரில் தீவுக்குத் தீவு ஊர்கள் வந்து நின்றன. எது என் சித்தியின் ஊர் என்று கணினிக்குத் தெரியவில்லை. சித்தியைத்தான் கேட்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டேன்.

“ஏன், நோர்வேயிலை கடல் வத்திப்போச்சோ?” என்றார் அப்பா. “இஞ்சையே ஒரு ஊரை எடுத்துச் செய்.”

“நான் டீச்சரிட்டைச் சொல்லிட்டன்.”

“சொன்னதை மாத்தலாம்.”

“நீங்கள் சொன்னதை மாத்துவியளோ?”

அம்மா சட்டென்று எழுந்து, மேசையில் ஏற்கெனவே இருந்த சொதியை எடுத்துவரக் குசினிக்குப் போனார். அப்பா சோற்றைப் பிசைந்தார். எனக்கு வெற்றி என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். எங்கே போகிறோம் என்று அம்மா சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. அவர் கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமையிலை அந்தப் பக்கத்துக்கு பஸ் குறைவு” என்று சப்பாத்திடம் சொன்னார். “ஒண்டை விட்டால் குளிருக்கைதான் நிக்கவேணும்.” நாங்கள் ஓடிப்போய் ஏறினோம்.

பியோர்ண்டாலில் கதவைத் திறந்த சித்தி என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். சித்தப்பாவின் கம்பளிச் சட்டை அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. “வா மச்சான்!” என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். சித்தப்பா தன் சிநேகிதர்களோடு கதைப்பதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர். அன்பாக ஒருவரை அழைக்க அதுதான் சொல் என்று நினைத்திருக்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் குளிரிலும் ஜன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்திருந்தன. கருவாடு பொரித்தாராம், மேல்வீட்டுக்காரர் வந்து முறையிட்டுப் போனாராம். எங்கள் வீட்டிலும் கருவாடு பொரித்தால் இதே கூத்துத்தான் என்று அம்மா சொல்ல, அதோடு இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

அறையின் மூலையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. நான் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவு பெரிது. சவர்க்காரம், சொக்லேட், தகரத்தில் அடைத்த இறைச்சி, பிள்ளைகளின் சப்பாத்துகள் என்று பாதிவரை நிரம்பியிருந்தது. வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொருவரும் ஊருக்கு இப்படியொரு பெட்டி அனுப்புவார்களாம். சிறுகச் சிறுக நிரப்பி, நிரம்பியதும் கப்பலில் ஏற்றிவிடுவார்களாம்.

நான் பேனாவை எடுத்தேன். சித்தி நோர்வேஜிய மொழியில் சொல்லத் தொடங்கினார். முதலாவது, இது கிராமம் இல்லை, நகரசபை. மேயர் இருக்கிறார், சந்தை இருக்கிறது. எழுதினாயா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கடற்கரை வந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் கைகள் நீட்டிய ஒடுங்கிய படகுகள் வந்தன. புனிதரின் திருநாளில் அவருடைய சிலையைப் படகில் ஏற்றுவார்கள், ஊர்ப் படகுகள் எல்லாம் பின்னால் போகும், முந்தப் பார்த்து ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். தேவாலயத்துக்குப் பின்னால் கூடைப்பந்துத் திடல். பந்து கடலுக்குள் விழுந்தால் எறிந்தவனே நீந்திப்போய் எடுக்க வேண்டும். மீன் காய்கிற தட்டிகளுக்குக் காவல் சித்தி. காகத்தைவிடத் தம்பிமார்தான் அதிகம் திருடினார்களாம்.

ஆசிரியை தந்த தலைப்புகளில் ‘பிரச்சினைகள்’ என்று ஒன்று இருந்தது. வறுமை, புயல் என்று நான் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் சித்தியின் முகம் இறுகிவிட்டது.

“எங்கடை ஊர் பாவம் ஊர் இல்லை,” என்றார் தமிழில். “புயல் ஒரு வரி. காணும். மிச்சம் எல்லாம் ஊர்.”

டீச்சர் கேட்டாவே என்றேன். டீச்சரிடம் தான் வந்து சொல்வதாகச் சித்தி சொன்னார். பலகைகளை எல்லாம் பெற்றோருக்குக் காட்டும் கண்காட்சி மாலையில் அந்தந்த ஊர்க்காரர்களைக் கூட்டிவரலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். வருவேன் என்று சித்தி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னபோது சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேநீரைப் பார்த்தார்.

கடைசித் தலைப்பு ‘பழக்கவழக்கங்கள்’. பெரியவர்களைக் கண்டால் அவர்கள் ஊரில் கைகுலுக்குவதில்லை. பெரியவர் புறங்கை மேலே இருக்கும்படி கையை நீட்டுவார், சிறியவர் குனிந்து அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அதுதான் மரியாதை, அதுதான் ஆசீர்வாதம். நாமாகப் பிடித்து இழுக்கக்கூடாது, அவர் தரவேண்டும் என்றார் சித்தி.

“தராட்டில்?” என்று கேட்டேன்.

“தராட்டில் நிக்கிறது.”

“எவ்வளவு நேரம்?”

சித்தி சிரித்தார். அதற்குப் பதில் சொல்லவில்லை. அதனால் அது பலகையில் வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒத்திகைதான். அப்பா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, நான் அறையின் நடுவில் நின்று கத்துவேன். அம்மாவுக்குப் பெரியவர் வேடம். அம்மா ஒவ்வொரு தடவையும் கையைக் கைகுலுக்குவது போலவே நீட்டுவார். “இப்பிடியில்லை அம்மா, கவிழ்த்து! கவிழ்த்து நீட்டவேணும், விரலைத் தளர விடவேணும்” என்று நான் பிடித்துத் திருப்புவேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். நானும் கூட்டுவேன்.

ஒரு நாள் நான் முடித்ததும் அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தக் கடலிலை சூரியன் உதிக்கிறதோ படுகிறதோ? அதைச் சொல்லேல்லையே,” என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அம்மாவின் கைத்தொலைபேசியைப் பிடுங்கிச் சித்தியை அழைத்தேன். படுகிறது என்றார் சித்தி. நான் பேசி முடிக்கும் வரை அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். பிள்ளை படிக்கிறதே என்ற கரிசனை என்று எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி மாலையில் அம்மாவுக்கு வேலை. அப்பாதான் வரவேண்டியிருந்தது. பஸ் சாரதிச் சீருடையோடு நேரே வந்து, என் பிளாஸ்டிக் பை ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். சித்தியும் சித்தப்பாவும் முன்பே வந்துவிட்டிருந்தார்கள். சித்தி தேங்காய்ப்பாலில் அவித்த பச்சையரிசிப் பலகாரம் ஒரு தட்டம் நிறையக் கொண்டுவந்து, என் மேசைக்குப் பக்கத்தில் நேராக நின்றார். ஆசிரியை வந்தபோது, புயலைப் பற்றி ஏன் ஒரே வரி என்று அவர் கேட்பதற்கு முன்பே சித்தி விளக்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அப்பா மண்டபத்தின் மறுபக்கத்தில், ஒரு நோர்வேஜியப் பையனின் பலகைக்கு முன்னால் நின்று மீன்பிடியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். வடக்கே எத்தனை ஆயிரம் மீன்களின் தலையை வெட்டியவர் அவர்! அந்தப் பலகையில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பையன் மூன்று பேருக்கு விளக்கி முடிக்கும் வரை வாசித்தார். எனக்கு அழுகை முட்டியது. என் பலகையை மட்டும் அப்பா பார்க்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன். சித்தப்பா சுவரோடு சுவராக நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா வந்தார். மேசைகளுக்கு நடுவில், யாருக்கும் வழிவிடாமல், பஸ்ஸை ஓட்டுவதுபோல நிதானமாக வந்தார். எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். சித்தியின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் இருந்தன, அசையவில்லை. சித்தி நின்றார். அப்பாவும் நின்றார். அப்பா வலக்கையிலிருந்த பையை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையை நீட்டினார்.

சித்தி குனிந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

“நல்லா இரு பிள்ளை,” என்றார் அப்பா.

எங்கள் ஆட்களுக்கு முன்னால் ஒரு தலை குனிந்தால் வாய் தானாகச் சொல்லும் வார்த்தை அது. சொன்னால் சொன்னதுதான், திருப்பி வாங்க முடியாது. அப்பா வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். நோர்வேஜியர்களைப் போலக் கைகுலுக்கத்தான் அவர் வந்தார், சித்தி தன் ஊர்ப் பழக்கத்தால் அவரை மடக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்பா பலகையைப் பார்த்தார், பலகாரத்தைப் பார்த்தார், கடைசியில் சுவரோரம் நின்ற தம்பியைப் பார்த்தார்.

“காரை எங்கை விட்டனி?”

“பின்னாலை, அண்ணை.”

“அங்கை விட்டால் தண்டம் எழுதுவாங்கள். போய் மாத்திவிட்டு வா.”

சித்தப்பா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பாவம், தடிமன் பிடித்து மூக்கொழுகுகிறது என்று நினைத்தேன். அவர் திரும்பி வரும் வரை அப்பா பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, என் பலகையில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, சித்தி அப்பாவை மாட்டிவிட்டுட்டா!”

“ஓமோ?” என்றார் அம்மா. அந்த ‘ஓமோ’வில் ஆச்சரியம் என்று ஒரு துளியும் இருக்கவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் துரொண்ட்ஹெய்முக்குப் போய், ஒரு விடுமுறையில் வீடு வந்திருந்தபோது சித்தப்பாவின் மகளுக்குப் பிறந்தநாள். மெழுகுதிரியை ஊதிவிட்டு அவள் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமாக ஓடினாள். அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அப்பா கேக் தட்டை இடக்கைக்கு மாற்றிவிட்டு வலக்கையை நீட்டினார். புறங்கை மேலே, விரல்கள் தளர்ந்து. நான் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. அப்பா எங்கள் மாடிக்காரர்களுக்கும் வேலையிடத்துக்காரர்களுக்கும் கைகொடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் மேலே நிற்க, இறுக்கிப் பிடிப்பார்.

அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் அவருடைய கை எப்படி இருந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். பை கனம், அதுதான் கை மாற்றினார் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்தப் பைக்குள் இருந்தவை என்னுடைய கையுறைகள் மட்டும்தான்.