ஒற்றை நட்சத்திரத்துக்கு நடந்த சண்டை

புனேயில் நான் வேலை பார்க்கும் ஆங்கிலப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சினிமாப் பக்கம் வரும். இந்திப் படத்துக்கு அரைப் பக்கம், ஆங்கிலப் படத்துக்குக் கால் பக்கம், மராத்திப் படத்துக்கு மரியாதையாக ஒரு பத்தி. தமிழ்ப் படமா? ஓரத்தில், விளம்பரத்துக்கு மேலே நாலு வரி. அந்த நாலு வரியில் பிழை திருத்துவதுதான் என் உத்தியோகம். எழுதுவது எங்கள் விமர்சகர். டெல்லிக்காரர், சினிமாவையே பாடமாகப் படித்தவர். இந்திப் படங்களைப் பற்றி அவர் எழுதுவதை நானே ரசித்துப் படிப்பேன். ஆனால் தமிழ் அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. திரைக்கு அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நம்பித்தான் நட்சத்திரம் போடுவார்.

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் படம் வந்தது. பெரிய நடிகர் இல்லை, சண்டை இல்லை. ஊர் முழுக்க ஒரே தியேட்டர், அதிலும் ஒரே காட்சி. இந்த மாதிரிப் படத்துக்கு வெள்ளிக்கிழமை ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் திங்கட்கிழமை அந்தக் காட்சியைப் பிடுங்கி வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கான முன்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். நாங்கள் குடியிருக்கும் கசார்வாடியை விட்டு வெளியே வரச் சலித்துக்கொள்பவள், ஓசிப் படம் என்றதும் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். படம் இதுதான்: ஒருத்தி தினமும் வேலைக்குக் கிளம்புகிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே புருஷனிடம் "போயிட்டு வரேன்" என்கிறாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. காய்ச்சலோடு போகிறாள், சம்பளம் கூடிய அன்றைக்குப் போகிறாள், அவன் கை ஓங்கிய மறுநாளும் போகிறாள். எப்போதும் "போயிட்டு வரேன்" தான். கடைசிக் காட்சியில் அதே வாசல், அதே பை. "போறேன்" என்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. படம் முடிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மா சீட்டிலிருந்து பாதி எழுந்து, "அடி ஆத்தீ! போறேன்னுட்டாளே!" என்று கத்தியேவிட்டாள். பிறகு உட்கார்ந்து, "நல்லா செஞ்சா ஏட்டி. அந்தச் சவத்துக்கு இது வேணும்" என்றாள். முன்வரிசையிலிருந்து எங்கள் விமர்சகர் திரும்பி முறைத்தார்.

வியாழக்கிழமை மதியம் அவர் எழுதியது என் மேஜைக்கு வந்தது. ஒற்றை நட்சத்திரம். நாயகி முதல் காட்சியிலும் ஆபீஸ் போகிறாளாம், கடைசிக் காட்சியிலும் ஆபீஸ் போகிறாளாம். இயக்குநர் முடிவை எழுத மறந்துவிட்டாராம். மறந்துவிட்டாராமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக ஆசிரியரின் அறைக்குள் போய் நின்றேன். ஆசிரியர் புனேயின் பழைய சதாசிவ பேட்டில் பிறந்து வளர்ந்த மராத்திக்கார அம்மாள். நான் சொன்னதைக் கேட்டு விமர்சகரையும் வரவழைத்தார்.

"இரண்டு இடத்திலும் 'நான் கிளம்புகிறேன்' என்றுதான் கீழே வருகிறது. என்ன வித்தியாசம்?" என்று விமர்சகர் கேட்டார்.

ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். தமிழில் நாங்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே உப்புச் சப்பில்லாமல் இருந்தது. "நாலு தமிழர்களுக்கு மட்டும் புரிவதெல்லாம் ஒரு முடிவா?" என்றார் அவர். ஆசிரியருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. பக்கம் அப்படியே போகட்டும் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் மராத்தியில், "சலா, யேதே மீ" என்றார்.

விட்டேனா நான்! வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "மேடம், கிளம்பிப் போகிறவர் எதற்கு 'யேதே' என்கிறீர்கள்? வருகிறேன் என்றல்லவா அதற்கு அர்த்தம்? எங்கே, 'ஜாதே' என்று சொல்லுங்கள் பார்ப்போம். போகிறேன் என்று!"

"ச்சீ! அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்றார் வெடுக்கென்று. அப்புறம் அப்படியே நின்றார். கையிலிருந்த பை மேஜைக்குத் திரும்பியது.

"அந்தப் பெண் 'ஜாதே' என்றா சொன்னாள்?"

"ஆமாம் மேடம்."

"புருஷனிடம்?"

"புருஷனிடம்தான்."

"அவன் தலையைத் தூக்கினானா?"

"தூக்கினான். அதற்குள் கதவு சாத்தியாயிற்று."

ஆசிரியர் விமர்சகர் பக்கம் திரும்பினார். "நாலு பேருக்கா? இந்த ஊருக்கே புரியும்" என்றார். என்னிடம், "நீயே எழுது. அரைப் பக்கம்" என்றார். தமிழ்ப் படத்துக்கு அரைப் பக்கம்! ஆபீஸ் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன். விமர்சகர் கொஞ்ச நேரம் கழித்து என் மேஜைக்கு வந்து, படத்தை இன்னொரு தடவை பார்க்கப் போவதாகச் சொன்னார். அதற்காக அவரைப் பாதி மன்னித்தேன்.

எழுதினேன் பாருங்கள், அத்தனை வருஷமாகப் பிறத்தியார் வாக்கியங்களுக்குக் கமா போட்ட ஆத்திரமெல்லாம் தீர எழுதினேன். கடைசி வசனத்தை மட்டும் உடைக்கவில்லை. அவள் வாசலில் சொல்வது உங்கள் 'யேதே' தான், கீழே ஓடும் எழுத்தை விட்டுவிட்டு அந்த வார்த்தையைக் காதால் கேளுங்கள், அது எப்போது மாறுகிறது என்று கவனியுங்கள் என்று முடித்தேன். நாலு நட்சத்திரம். அடியில் முதன்முதலாக என் பெயர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை.

திங்கட்கிழமை காட்சியைப் பிடுங்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பாதி அரங்கு மராத்திக்காரர்கள். கடைசிக் காட்சியில் அவள் வாயைத் திறந்தாளோ இல்லையோ, அரங்கமே, அம்மாவின் "அடி ஆத்தீ" மாதிரியே, "அக பாயீ!" என்று மூச்சை இழுத்தது. ஜெயித்துவிட்டோமடி என்று இருட்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வழிய.

வெளியே படிக்கட்டில் எனக்கு முன்னால் நடுவயசுத் தம்பதி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் மெதுவாக மராத்தியில் கேட்டார்: "வீட்டுக்குப் போனதும் நான் டீ போடட்டுமா?"

அந்த அம்மாள் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தேடிக்கிறேன்" என்றார் அவர், அவசரமாக.