கோல் கம்பத்தில் கட்டிய கயிறு

மட்டாஞ்சேரி பஜாரில் அந்த நாளில் கயிறு வேண்டுமென்றால் நைனா முகம்மதின் கடைக்குப் போவார்கள். வாய்ச்சண்டை வேண்டுமென்றாலும் அங்கேதான். மனிதனுக்கு மூக்குக்கு மேலே கோபம். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் வாழ்கிற ராவுத்தர் குடும்பம். கடையில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்துவிட்டால் எங்கே நின்றாலும் தமிழ். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையை இழுத்து மூடிவிட்டு மைதானத்துக்கு ஓடுவான். பஜார் புட்பால் டீமுக்கு அவன்தான் கேப்டன். தடுக்கிற நாலு பேரில் நடு ஆள். அவனுக்குப் பின்னால் கோல் காக்கிற கோலியாக நிற்பவன் அப்பு. படகுத்துறையில் வள்ளத்திலிருந்து வீசுகிற மூட்டையை நெஞ்சில் வாங்கிப் பழகியவன், அவனுக்குப் பந்து எம்மாத்திரம்! இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆட்டம் முடிந்தால் ஒரு சாயா வாங்கி இரண்டு கிளாஸில் பிரித்துக் குடிப்பார்கள். மேலெல்லாம் சேறு, காற்றில் சுக்கும் மிளகும் கலந்த பஜார் வாசனை, வாய் ஓயாத பேச்சு. அட, அது என்ன காலம்! இப்போது நினைத்தாலும் அந்தச் சாயா நாக்கில் சுடுகிறது.

எழுபத்து நாலில் பள்ளுருத்தி டீமோடு பைனல். முடிய இரண்டு நிமிஷம் இருக்கிறது, யாரும் கோல் போடவில்லை. பள்ளுருத்திக்காரன் ஒருவன் பந்தோடு நடுவில் பாய்ந்து வருகிறான். நைனாவின் ஆட்களோ ஆசையில் முன்னே போய்விட்டார்கள். நைனாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எறங்கு! எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பின்னால் இறங்கி வந்து கோலை அடைத்து நில்லுங்கடா என்பது அவன் நினைப்பு.

இறங்கியது அப்பு. கோலை விட்டு நாலெட்டு வெளியே ஓடி வந்தான். பள்ளுருத்திக்காரன் சிரித்துக்கொண்டே பந்தை அவன் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டான். போச்சு, எல்லாம் போச்சு!

நைனா ஓடிப்போய் அப்புவின் சட்டையைப் பிடித்தான். "ஒன்ன யாருடா வெளிய வரச் சொன்னது?" என்று ஊரே பார்க்கக் கேட்டான். அப்பு அவன் முகத்தையே பார்த்தான். சட்டையை விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது, 'இறங்கியப்பு' என்று. மட்டாஞ்சேரியில் ஒரு பெயர் ஒட்டினால் பலாப்பிசின்தான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட "அந்த இறங்கியப்புவா?" என்று கேட்டார்களாம். அப்பு மைதானத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நைனா கடை வாசலில் கயிறு அளந்துகொண்டிருந்தான். எதிர்வீட்டு அம்மிணி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே சோம்பிக் கிடந்த மகனைப் பார்த்துக் கத்தினாள்: "ஸ்கூளில் போகாறாயி, எறங்ஙெடா!" அந்த வீட்டுக்குப் படியும் கிடையாது, மாடியும் கிடையாது. பையன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

நைனாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மலையாளத்தில் இறங்கு என்றால் வெளியே வா என்றும் அர்த்தம். இந்த பஜாரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் எந்த பாஷை வாயில் வந்தது என்றுதான் தெரியவில்லை. அப்பு தானாக வெளியே வரவில்லை, கேப்டன் சொல்லி வந்திருக்கிறான். சொன்னவனே யார் சொன்னது என்று சட்டையைப் பிடித்திருக்கிறான். பாவி!

ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவி சுல்ஃபத் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "ஒத்த வார்த்தைங்க. போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. அதுல என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"நாளைக்குப் போறேன்" என்றான். அந்த நாளை வர மூன்று வருஷம் ஆயிற்று. ரோஷம் என்று சொல்லிக்கொண்டான். வெட்கம்தான், வேறென்ன?

அப்புவிடம் போகாத கால் மைதானத்துக்குக் கயிற்றோடு போனது. இனிமேல் தடுக்கிறவன் எவனும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். நாலு பேர் இடுப்பையும் ஒரே கயிற்றில், ஆளுக்கு எட்டடி இடைவெளி விட்டுக் கட்டினான். எதிரே இரண்டு பேர் பந்தை இடமும் வலமுமாக மாற்றி அடிப்பார்கள். பந்து இடது பக்கம் போனால் இடது ஆள் பாய வேண்டும், மற்ற மூவரும் அவன் விட்ட இடத்தை அடைக்க ஒட்டி நகர வேண்டும். கயிறு விறைத்தால் விலகிவிட்டாய், தரையில் புரண்டால் நெருங்கிவிட்டாய். முதல் வாரம் ஒருவன் விழுந்தால் நாலு பேரும் விழுந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் மாட்டுச் சந்தை என்று கேலி பேசினார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்துக் கயிறு இல்லாமல் மேட்ச் ஆடியபோதும் நாலு பேரும் கட்டியபடியே நகர்ந்தார்கள். அந்த வருஷம் எதிராளிகளிடம் பஜார் டீம் வாங்கியது மொத்தம் இரண்டே கோல்.

இன்னொரு கயிறும் இருந்தது. நைனாவின் இடுப்பிலிருந்து பின்னால் கோலிக்குப் போகிற கயிறு. ஒரு இழுப்பு இழுத்தால் வெளியே வா, இல்லையென்றால் நில். புதுக் கோலி வெங்கிட்டு, பேங்க் கிளார்க், கண்ணாடிக்காரன். "நான் என்ன பசுவா, கட்டிப் போடறதுக்கு?" என்று மறுத்துவிட்டான். நைனா வற்புறுத்தவில்லை. அந்த நுனியைக் கோல் கம்பத்தில் கட்டினான். மூன்று வருஷமும் தினம் கட்டினான், தினம் அவிழ்த்தான். ஏன் என்று கேட்டவனுக்கு ஏச்சுதான் கிடைத்தது.

எழுபத்தேழில் ஒருநாள் படகுத்துறைப் பக்கத்துச் சாயாக்கடையில் நைனா சாயா குடித்துக்கொண்டிருந்தான். மூலையில் அப்பு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு எங்கே இறங்கப் போகிறாய் என்று எவனோ ஒருவன் கேட்டான்: "இறங்கியப்பூ, இன்னு எங்கோட்டா எறங்ஙுந்நே?" கடையே சிரித்தது. அப்புவும் தலையைக் குனிந்தபடி சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நைனாவால் தாங்க முடியவில்லை.

கிளாஸை ணங்கென்று வைத்தான். "சிரிக்காதீங்கடா! எறங்குன்னு கத்துனது நான்! என் பேச்சக் கேட்டுத்தான் அவன் வெளிய வந்தான். தோத்தது என்னால, பேரு கெட்டது மட்டும் அவனுக்கு!"

தமிழில்தான் கத்தினான். பஜாரில் அது யாருக்குப் புரியாது? கடை அடங்கிவிட்டது. நைனா அப்புவின் பக்கம் திரும்பினான். கத்தியது நான் என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமாடா என்று கேட்டான். "நினக்கு அறியாமாயிருந்நோடா?"

"அறியாம்" என்றான் அப்பு. "நின்றெ ஒச்ச எனிக்கு அறிஞ்ஞூடே?" தெரியும், உன் சத்தம் எனக்குத் தெரியாதா என்றான்.

"பின்னெ எந்தா பறயாஞ்ஞே?" பிறகு ஏன் சொல்லவில்லை என்றான் நைனா.

அப்பு தலையை நிமிர்த்தினான். அன்றைக்கு உனக்கே தெரியவில்லை, தெரிந்த அன்றைக்கு நீயே வருவாய் என்று இருந்தேன் என்றான். சாயாவைக் குடித்து முடித்து எழுந்து போனான். நைனாவுக்கு அறை வாங்கியது போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நைனா வழக்கம்போல எல்லாரையும் கட்டி, கடைசி நுனியைக் கம்பத்தில் முடிந்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றான். பின்னால் கயிறு அசைந்தது. திரும்பினான். அப்பு கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வெங்கிட்டு "அப்பாடா!" என்று கண்ணாடியைத் துடைத்தபடி ஒதுங்கினான்.

அப்பு நுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். நைனாவைப் பார்த்தான்.

"வலிக்கெடா" என்றான்.

மலையாளத்தில் அதற்கு இழுடா என்றுதான் அர்த்தம். நைனாவின் காதில் விழுந்தது தமிழ். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். அப்பு நாலெட்டு வெளியே வந்தான்.