ஹேக்கனின் வேலியை விட்டுப் போன கடல்

வாஷ் வளைகுடாவின் கரையெல்லாம் கிறிஸ்தவ மடத்துத் துறவிகளுக்கு உரியதாயிருந்த காலத்தில், ஹேக்கன் கோடையில் உப்புக் காய்ச்சினான், குளிர்காலத்தில் மீன் பிடித்தான். அதற்கு அவன் படகு ஏறியதில்லை. குடிசைக்கு நேர் எதிரே, கடல் பக்கம், சேற்றில் கழிகளை நட்டு, இடையில் குச்சிகளைப் பின்னிய வேலி ஒன்று இருந்தது. கடல் ஏறும்போது அதைத் தாண்டி வரும் மீன், இறங்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இறைச்சி தொடக்கூடாத தவக்காலத்தில் அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலியை நம்பித்தான். அந்த ஆண்டு தவக்காலம் நெருங்கியும் வேலியில் ஒரு விலாங்குகூட விழவில்லை. உப்புமீன் பீப்பாய் காலியாகக் கிடந்தது.

முதல் சந்தேகம் பக்கத்து வேலிக்காரன் ஐல்சிமேல்தான் வந்தது.

"ஏண்டா, என் மீனையெல்லாம் உன் பக்கம் திருப்பிவிட்டுட்டியா?"

"ஆமாண்ணே, ஒவ்வொண்ணு காதுலயும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். உன் வேலியை முதல்ல பாருண்ணே. அங்க தண்ணியே ஏறல."

போய்ப் பார்த்தான். கடல் முழுவதும் ஏறிய பிறகும் அலை வேலிக்கு முன்னாலேயே நின்று திரும்பியது. கழிகளின் அடியில் புல் முளைத்திருந்தது. அதே கடல் ஐல்சியின் வேலியில் இடுப்பளவு நின்றது. மடத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கும் உப்பில் ஏதும் குறை வைத்து, கடவுளின் கோபத்தைத் தேடிக்கொண்டோமா என்று யோசித்தான். வைக்கவில்லை.

ஒரு கழியின் அடியில் தோண்டினான். கடல் சேறு கறுத்து வழவழப்பாக இருக்கும். இது வெளுத்து உதிர்ந்தது. நடுநடுவே சுட்ட களிமண்ணின் சிவப்புத் துண்டுகள். உப்பு அடுப்பிலிருந்து பெயர்ந்து விழும் துண்டுகள்தான் அவை. அவனுடைய அடுப்பு.

கரையின் உப்பு மண்ணைச் சுரண்டிவந்து, குழியில் கடல்நீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரைக் காய்ச்சுவது வழக்கம். கழுவிய மண்ணையும் சாம்பலையும் குடிசைக்கு முன்னால் கொட்டினால் அலை கொண்டுபோய்விடும். எங்கே கொண்டுபோகிறது என்று அவனும் கேட்டதில்லை, அவன் அப்பனும் கேட்டதில்லை.

"அப்ப உப்பை நிறுத்திடு," என்றாள் மனைவி குன்னில்டு.

"உப்பில்லாம மீனை எப்படிடி கெடாம வைக்கிறது?"

"எந்த மீனை?"

ஹேக்கன் கழிகளைப் பிடுங்கிக் கொண்டுபோய், அலை இன்னும் எட்டும் ஆழத்தில் நட்டான். தவக்காலம் அரைவயிறாய்க் கழிந்தது.

கோடை வந்தது. கழுவிய மண் கூடையில் நிறைந்தது. முன்னால் கொட்டினால் புது வேலியும் மேடாகும். வடக்கே தூக்கிப் போனான்.

"அண்ணே, இந்தப் பக்கம் வராதே! என் வேலியிலும் புல் முளைச்சா, எனக்கு ஆடு மேய்க்கத் தெரியாது!" என்று ஐல்சி கத்தினான்.

தெற்கே துறவிகளின் படகு வரும் ஓடை; அதைத் தூர்க்க முடியாது. மிச்சமிருந்தது கடலுக்கு முதுகு காட்டிய குடிசையின் பின்பக்கம். அங்கேதான் வாசல். குன்னில்டு குறுக்கே நின்றாள்.

"கொட்டு. கதவை எந்தப் பக்கம் வைக்கப்போறேன்னு மட்டும் சொல்லிட்டுக் கொட்டு."

ஹேக்கன் சுற்றிவந்து கடல் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அங்கே கதவு வைத்தால் அலை வீட்டுக்குள் வருமா, இல்லை அங்கிருந்தும் விலகிப் போய்விடுமா என்று அவனுக்கு விளங்கவில்லை. கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, அந்தச் சுவரை வெட்டக் கோடரியைத் தேடிப் போனான்.