கேன் தண்ணீர்க் கோழிகள்

பொழுது சாய்ந்ததும் மாது குண்டு பல்பைப் போட்டுவிடுவார். ஓடைக்கரையில் கம்பு நட்டுத் தொங்கவிட்ட பல்பு. நேர் கீழே தண்ணீர் ஊற்றிய அலுமினிய அன்னக்கூடை. ஓடையிலிருந்து பூச்சிகள் கிளம்பி வந்து வெளிச்சத்தில் மோதிப் பொத்துப் பொத்தென்று அதில் விழும். கொசு ஜாடைதான், கடிக்காது. விடிந்ததும் துணியில் வடிகட்டிக் கோழிகளுக்கு வீசுவார். "தவுடு தின்னா கோழி பெருக்கும்ங்க. பூச்சி தின்னாத்தான் மஞ்சக்கரு செவக்கும்."

கம்பைநல்லூர்ப் பக்கம் அவருக்குப் பட்டப்பெயர் 'கேன் தண்ணி'. ஓடை வரும் வழியில் முலாம் பட்டறை வந்து தண்ணீர் பச்சையாய் நுரைத்த பிறகு, கோழிகளுக்குக் கேன் தண்ணீர்தான். அவர் குடிப்பது என்னவோ தெருக்குழாயில். ஒரு கோழி ஓடைப்பக்கம் கழுத்தை நீட்டினால் போதும், துண்டை வீசிக்கொண்டு ஓடுவார். காரிமங்கலம் சந்தையில் முட்டைக் கூடையை இறக்கியதும் முதல் பேச்சே இதுதான்: "எங்கூட்டுக் கோழி ஓடத் தண்ணிய வாயில வெச்சதில்லீங்க." சத்தியமான வார்த்தை. பொய் சொல்ல வராத மனிதர்.

பட்டறை மேல் புகார் கொடுத்து நடையாய் நடந்தும் பார்த்தார். செருப்புத்தான் தேய்ந்தது. "அவனுங்கள நம்மால ஒண்ணும் பண்ண ஆவாதுங்க. நம்ம வாசல நாம காப்பாத்திக்கிட்டாப் போதும்" என்று அத்தோடு விட்டுவிட்டார். யாரோ கொட்டும் நஞ்சுக்கு இவர் கேன் சுமக்கிறார். கேட்கவே வயிறு எரிகிறது.

மகள் மேனகா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தாயில்லாப் பெண் என்பதால் சமையலும் மாதுதான். தினமும் முட்டை அவித்து, உரித்துக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார்.

"வேணாம்ப்பா, கொமட்டுது."

"உனக்கில்ல கண்ணு, உள்ள இருக்கறதுக்கு."

போன மாதம் கோழிகள் ஓடில்லாத தோல்முட்டையாக இடத் தொடங்கின. பிறகு ஒவ்வொன்றாகக் காலை இழுத்துக்கொண்டு சாய்ந்தன. கால்நடை டாக்டர் கனிமொழி ஒரு காலையில் வந்து, செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். இரைப்பை நிறையப் பூச்சி இறக்கை.

"என்ன தண்ணி வைக்கறீங்க?"

"கேன் தண்ணிங்கம்மா." அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

"இந்தப் பூச்சி எங்க வளருதுன்னு நெனைக்கறீங்க? ஓடைச் சேத்துக்குள்ள புழுவாக் கெடந்து, பட்டறைக் கழிவையெல்லாம் தின்னுட்டு, அப்பறம்தான் றெக்க மொளச்சு வருது. தண்ணியத் தடுத்தீங்க, சரி. பூச்சிய வெளக்குப் போட்டுக் கூப்பிட்டிருக்கீங்களே. டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் முட்டைய யாரும் தொடாதீங்க."

மாது அன்னக்கூடையைப் பார்த்தார், பகலிலும் எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் ஓடினார்.

மேனகா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. "பாருப்பா, இன்னிக்கு நீ சொல்லாமயே..." என்று மென்றபடி சிரித்தாள். மாது அவள் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார்.