முனாப்பின் முதுகளவு

பென்னாகரத்தில் முனாப்பிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் அவர் உச்சந்தலையைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தையல் மிஷின்மேல் குனிந்தே கிடப்பவர். முகூர்த்த நாள் வந்தால் பூவரசனின் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கக் கிளம்பிவிடுவார். அங்கேயும் அதே குனிவுதான்.

கொஞ்ச நாளாக நாலாவது பாட்டைத் தாண்டினால் அவருடைய இடது கை விரல்கள் மரத்துப்போயின. பாப்பாரப்பட்டி வரவேற்பு ஒன்றில் பாட்டு நடுவிலேயே கை நின்றுவிட்டது. பூவரசன் நல்ல மனுஷன், அதனால் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"ஒகேனக்கல் கல்யாணம் வரைக்கும் பாக்கலாங்கண்ணே. முடியலீன்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தத்த வெச்சு ஓட்டிக்கறேன். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் எப்படி? பொத்தானை அமுக்கினால் வருகிற சத்தமா நான் என்று முனாப்புக்கு ஆறவே இல்லை. தைலம் தேய்த்தார். கம்பி மாற்றினார். கிட்டாரைத் திட்டினார். உட்காருகிற விதத்தை மட்டும் மாற்றவில்லை. அது யாருக்குத் தோன்றும்?

அந்தக் கல்யாணத்துக்குக் குழுவில் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. முனாப் தன்னுடையதைப் போட்டுப் பார்த்தார். முன்பக்கம் தொங்கியது, பின்பக்கம் மேலேறி நின்றது. துணி வெட்டியது மனைவி சமரீன்.

"கத்திரி புடிக்கவே மறந்துட்டியா?" என்று பாய்ந்தார்.

சமரீன் டேப்பை எடுத்து அளந்தாள். "ஒங்க பழைய அளவுக்குத்தாங்க வெட்டுனேன். இப்ப முதுகுல ஒரு இஞ்ச் கூட்டணும், முன்னாடி கொறைக்கணும். யாருக்கு இப்பிடி வெட்டுவீங்கன்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். கூன் விழுந்தவர்களுக்கு. அவர்கள் மனம் நோகக் கூடாதென்று வாயால் சொல்லாமல் அளவு நோட்டில் மட்டும் ஒரு குறி போட்டுக்கொள்வார். அதே குறியை இப்போது சமரீன் அவர் பெயருக்கு எதிரே போட்டாள். நாற்பத்தாறு வயதில் முனாப்புக்கு அவமானமாக இருந்தது.

"கிட்டார எடுத்து வாசிங்க, பாக்கலாம்."

மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோப்பவர்போலக் கம்பிகளின்மேல் கவிழ்ந்தார்.

"தைக்கற மாதிரியே குந்தியிருக்கீங்க. இப்பிடிக் கழுத்த மடக்குனா கை மரத்துப்போவாதா?" என்றாள். போனில் கிட்டார் வகுப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து உட்கார வைத்தாள். கிட்டாரை வயிற்றோடு அணைத்து, அதன் கழுத்தைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"கம்பியே தெரியலியே!"

"எதுக்குத் தெரியணும்? எங்க போவணும்னு வெரலுக்குத் தெரியாதா?"

பத்து நாள் அப்படியே பழகினார். முதுகு விண்விண்ணென்று வலித்தது, ஸ்வரமும் தப்பியது.

ஒகேனக்கல் மண்டபத்தில் முதல் பாட்டிலேயே இரண்டு இடம் பிசகியது. பூவரசன் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு முறை குனிந்து பார்த்துவிட முனாப்பின் கழுத்து துடித்தது. குனியவில்லை. நாலாவது பாட்டு போனது, ஐந்தாவதும் போனது. விரல்களில் உயிர் இருந்தது.

ஆறாவது பாட்டில் கிட்டார் தனியாக வருகிற இடம் நெருங்கியது. பூவரசன் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கட்டிக்கொண்டார்.