வடகாற்று நாளில் ஒரு கற்பூரத் துண்டு

பெருநகரின் ஓரத்துக் கிரெய்கிபர்னில் வளர்ந்த எனக்கு முதல் வேலை கிடைத்தது தூர மேற்கே, மரமில்லாப் புல்வெளிக்கு நடுவில் ஒரு சின்னக் கோதுமை நகரத்தில். போன கையோடு நூலகப் புத்தகமொன்றை எடுத்து அதன் கதையைத் துருவத் தொடங்கினேன். புல்வெளியின் ஆதிச் சொந்தக்காரர்களைத் துரத்திவிட்டு ஆடுகள் வந்தன. ரயில் வந்ததும் கோதுமை. கடைத்தெரு ஒருமுறை முழுக்க எரிந்து, செங்கல்லில் திரும்ப எழுந்தது.

தெருக்கள் ஏன் இவ்வளவு அகலம்? மாட்டுவண்டி திரும்பத்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காணியில் கோதுமை செய்யும் பெண்மணி சிரித்தார். "நெருப்புத் தாண்டாமல் இருக்கவும்தான். உன் புத்தகம் அதைச் சொல்லேல்லையா?"

அறுவடை நேரம் அம்மா வந்தா, என் புதுக் காருக்குப் பூசை செய்ய. அன்று உள்நாட்டு வெம்மையை அள்ளிவரும் வடகாற்று அடுப்புவாய் மாதிரி வீசியது.

"அம்மா, இண்டைக்கு வெளியில நெருப்பு மூட்டத் தடை. ரேடியோவில சொன்னவங்கள்."

"கற்பூரம் நெருப்போ? அது சாமிக்கெல்லோ. போய்ச் செம்பில தண்ணி கொண்டு வா."

குசினியிலிருந்து திரும்பி வர, தேங்காயின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீச்சுக் காற்று. எரியும் துண்டு உருண்டு வேலியோரக் காய்ந்த புல்லில் விழுந்தது. வேலிக்கு அப்பால் அறுக்காத கோதுமை, அடிவானம் வரை.

படபடவென்று சத்தம். ஊற்றிய செம்புத் தண்ணீர் எந்த மூலைக்கும் போதவில்லை. நான் கத்தினேன்; என்ன கத்தினேன் என்று தெரியாது. பக்கத்துப் பெண்மணி வாளியும் நனைந்த சாக்குமாய் ஓடி வந்து அடித்தார், மிதித்தார். அணைந்தபோது பாயளவு கருமை. வேலிக் கம்பிக்கு ஒரு சாண் இப்பால்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. கோதுமையைப் பார்த்தார், பிறகு காற்று வரும் பக்கத்தை.

"சொறி, சொறி," என்று மன்னிப்புக் கேட்டா அம்மா.

அவர் பூசைத் தட்டிலிருந்து கீழே விழுந்து கிடந்த தேசிக்காயை எடுத்து, "இது எதுக்கு?" என்றார். கண்ணூறு போகச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க என்றேன். "முதலில் காரைப் புல்லில இருந்து எடு. சைலன்சர் சூடே போதும், புல் பத்த." காரை நகர்த்தியதும், சீமெந்துத் தரையில் சக்கரங்களுக்கு அடியில் அவரே தேசிக்காய்களை வைத்தார். ஏற்றி நசுக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகும் அவர் போகவில்லை. சாக்கோடு கருகிய இடத்திலேயே நின்றார்.

"அவ ஏன் இன்னும் நிக்கிறா?" அம்மா மெல்லக் கேட்டா.

"வேருக்குள்ள தணல் இருக்குமாம். காத்து மாறுமட்டும் நிப்பாவாம்."

அம்மா மடியிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தா. நனைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.