இடிக்குப் போட்ட இரும்பு

அடைமுட்டைகளுக்கு நடுவே இரும்புத் துண்டொன்று போட்டால் இடிமுழக்கம் குஞ்சைத் தாக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. கோழியை அடைவைத்த காலத்தில் போட்டேன். குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி எங்கள் பாலையூற்று வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. என் கணவரின் வள்ளத்து என்ஜினில் கழற்றிய தடித்த போல்ட் ஒன்றை உள்ளே வைத்தேன்.

முதல் தடவை வைத்த பத்தும் கூழ்முட்டை. பெட்டி விற்றவரைத் தொலைபேசியில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"அக்கா, சூட்டை முப்பத்தேழரையில வச்சுப்போட்டு திருகியில கை வைக்காதேங்கோ," என்றார் அவர்.

மணிக்கொரு தரம் திருகிக்கொண்டிருந்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்து வந்தவை என் முட்டைகள் அல்ல. என்னோடு தையல் படித்த கிண்ணியாச் சிநேகிதி கொண்டுவந்தாள். நாய்கள் கூட்டை உடைத்து அவளுடைய கோழிகளை ஒன்று விடாமல் கொன்றுவிட்டன. அவளாய்ப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய, கழுத்தில் இறகில்லாத சாதிக் கோழிகள்.

"இந்தப் பதினெட்டும்தான் மிஞ்சினது புள்ள. உன்னால ஏலுமா?"

"ஓம், ஏலும்," என்றேன். என் கணவர் முகட்டைப் பார்த்தார்.

முட்டைகளை அடுக்கி ஒரு மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தேன். பெட்டியின் எண் முப்பத்தேழரை என்றது. முகத்தில் அடித்த சூடு அப்படிச் சொல்லவில்லை. அலுமாரியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரை எடுத்து முட்டைகளுக்கிடையே வைத்தேன். முப்பத்தொன்பதைத் தாண்டி நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். சூட்டை அறியும் வயரின் நுனி போல்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அந்தத் தடித்த இரும்பு சூடாகும்வரை, பெட்டியைச் சூடாக்கும் பல்ப் அணையாது. அதற்குள் முட்டைகள் வெந்துவிடும். முந்திய பத்தையும் அவித்தது நான்தான். விற்றவருக்கு அப்போதே அழைத்துப் பிழை என்னுடையது என்றேன். அப்படிச் சொல்வது என் பழக்கமில்லை.

வயரின் நுனியை முட்டை உயரத்தில் தொங்கவிட்டேன். மயிரிழை திருகுவேன், அரை மணித்தியாலம் காத்திருப்பேன், தெர்மோமீட்டரை உதறி மறுபடி வைப்பேன். பின்னேரம் பெட்டியும் தெர்மோமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின. திருகிக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டினேன், என் கைக்குப் பயந்து. போல்ட்டை ஒரு மூலைக்குத் தள்ளினேன்.

"அதை வெளியில எறியுமன்," என்றார் கணவர்.

"இடி முழங்கினா நீங்கள் வந்து அடைகிடப்பீங்களோ?"

இருபத்தோராம் நாள் பதினைந்து குஞ்சுகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிநேகிதி வந்து, கழுத்தில் மயிரில்லாத ஒன்றைக் கையிலெடுத்துக் கன்னத்தில் வைத்தாள். கண் கலங்கியது அவளுக்கு.

"தாய்க்கோழி இல்லாம எப்படியெண்டு ஊரில கேப்பாங்க. ஆரு அடைகிடந்ததெண்டு சொல்ல?"

பெட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நான் எண்டு சொல்லு," என்றேன்.